மீனுக்குக் கெடுதியில்லாத போன்

கருத்துரு வடிவமைப்பு என்பது, இன்னும் செய்யாத ஒரு பொருளுக்காக முன்கூட்டியே கைதட்டல் வாங்கும் தொழில். தச்சன் கதிரை செய்தால் யாராவது அதில் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்வார்கள். நாங்கள் கதிரையின் படத்தைச் செய்வோம், பக்கத்தில் நாலு பச்சை இலை வரைவோம், அதில் உட்காரப் போகிறேன் என்று எவரும் வருவதில்லை. இறுதி வருட ப்ரொஜெக்ட் என்ற பெயரில் நீங்களும் ஊர்ச் சனத்தை வதைத்தவர்கள் என்றால், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனக்குக் கிடைத்த தலைப்பு, சுற்றாடலுக்கு உகந்த கைத்தொலைபேசி. ஆறு மாதம் களப் பயிற்சி செய்ய வேண்டும். எங்கள் வீடு புத்தளத்தில். ஆகவே மீனவக் கிராமமான கண்டக்குழிக்குத் திரும்பும் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ரிழ்வான் நானாவிடம் ஒரு மேசை மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூலையைத் தந்ததற்காக அவர் பின்னால் பலமுறை வருந்தியிருப்பார்.

சிரட்டை போன்

முதல் வடிவம் தேங்காய்ச் சிரட்டையில். சிரட்டைத் தூளோடு இயற்கைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்தது. ஒரு வெடிப்பில்லை, ஒரு ஸ்க்ரூ இல்லை, கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி இருக்கும். ரிழ்வான் நானா அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். வாயைத் திறந்தால் பேசுவதை விடப் போனுக்குள் தூசி ஊதுவதுதான் அதிகம் என்ற ரகத்து மனிதர். “பற்றரி போனா எப்பிடி மாத்துற?” என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய கம்பனிகள் போனைக் கோந்து போட்டு ஒட்டி, திருத்த விடாமல் செய்து, சனத்தைப் புதுசு வாங்க வைக்கும் அநியாயத்தைப் பற்றி இருபது நிமிடம் விளாசினேன். அப்படிப்பட்ட உலகத்தில் இயற்கைப் பொருளில் ஒருத்தி போன் செய்து காட்டினால் பற்றரியைப் பற்றியா கேட்பது? அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் கூழாங்கல்லின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை சுற்றித் தடவி, திறக்கிற வாசல் எங்கே என்று தேடினார். பிறகு அதை என் மேசை மூலையில் வைத்தார்.

“தெறக்க ஏலாட்டி அது போன் இல்ல தங்கச்சி, கபுறுக்குழி.”

வெயில் போன்

அடுத்தது சூரிய சக்தி. முதுகில் சின்னத் தகடு ஒட்டிய ஒரு பட்டன் போனை, கண்டக்குழியில் கருவாடு போடும் ரீற்றா அக்காவிடம் ஒரு கிழமை பாவிக்கக் கொடுத்தேன். சார்ஜர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், நல்ல வெயிலில் வைத்தால் போதும் என்றேன். அவவும் தலையாட்டினா.

வெயிலில் கிடக்கும் போனில் கதைப்பதென்றால் கதைப்பவரும் வெயிலில் நிற்க வேண்டும், சுட்டுப் பழுத்த அந்தச் சாமானைக் காதில் வைக்க வேண்டும். இது என் படத்தில் இல்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். தட்டியில் கட்டாக் கருவாடு வரிசையாகக் கிடந்தது, ஐந்தாவது கருவாட்டுக்கும் ஆறாவது கருவாட்டுக்கும் நடுவில் என் போன். பக்கத்துக் கம்பில் ஒரு காகம், எதை முதலில் தூக்கலாம் என்ற யோசனையில். ரீற்றா அக்கா உப்புக் கையை உதறிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டா:

“ஒரு பக்கம் காஞ்சிட்டுது தங்கச்சி, மற்றப் பக்கம் பிரட்டிப் போடட்டா?”

வினாக்கொத்து

கடைக்கு வந்தவர்களிடம் வினாக்கொத்து நிரப்பினேன். ‘புதிய கைத்தொலைபேசி வாங்கும்போது சுற்றாடலைப் பற்றிச் சிந்திக்கிறீர்களா?’ என்பது ஏழாவது கேள்வி. வந்த அத்தனை பேரும் ‘இல்லை’க்கு நேரே புள்ளடி போட்டார்கள். ஒருவர் கேள்வியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஏதோ தவறு செய்து அகப்பட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். “இந்தச் சனத்துக்கு விழிப்புணர்வே இல்லை நானா” என்று நான் கொதித்தேன்.

அவர் ஊதுவதை நிறுத்தினார். புள்ளடி போட்டவர்கள் திருத்தக் கொடுத்துவிட்டுப் போன போன்களை ஒவ்வொன்றாக என் முன்னால் அடுக்கினார். இலக்கம் அழிந்த பட்டன், டேப் சுற்றிய முதுகு, வேறு போனிலிருந்து எடுத்து வைத்த திரை. “நீங்க ஏ.எல். சோதின எழுதினதுக்குப் பொறகு எத்தன போன்?” என்றார். வாதத்துக்கு அஞ்சாதவள் நான், ஆனால் இலக்கத்தோடு வாதாட முடியாது. நாலு என்றேன். மூன்றாவதை ஏன் மாற்றினேன் என்பதைக் கேட்கவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். படம் வடிவாக விழவில்லை என்பதுதான் காரணம்.

“அப்ப விழிப்புணர்வு உள்ளவங்க நாலாவது போன்ல கதைக்கிறாங்க, இல்லாதவங்க இன்னும் மொதப் போன்ல கதைக்கிறாங்க.”

போத்தல்

இனிமேல்தான் வெட்கக்கேடு. ரீற்றா அக்காவின் புருஷன் சூசை அண்ணன் சின்ன வள்ளத்தில் தனியாகத் தொழிலுக்குப் போகிறவர். கடலுக்குப் போகும்போது போனை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, முறுக்கி, சைக்கிள் டியூப் துண்டால் கட்டுவார். அதை வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தலில் இறக்குவார். அடியில் ஈரம் உறிஞ்ச ஒரு பிடி அரிசி கிடக்கும். மூடியைத் திருகி, போத்தலை வள்ளத்துப் பலகையில் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். அழைப்பு வந்தால் பையோடு காதில் வைத்துக் கதைப்பார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது இதுதான்.

நான் அதில் கண்டது பொலித்தீனை மட்டும்தான். ஆமை, டொல்பின் என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். அதே பையை அவர் எத்தனை மாதமாகக் கழுவிக் கழுவிப் பாவிக்கிறார் என்று கேட்கவேயில்லை. பாவித்து முடிந்து எறிந்தால் முழுக்கக் கரைந்துவிடும், மீனுக்கு ஒரு கெடுதியும் இல்லை என்று சொல்லி, கடற்பாசிப் பசையும் தும்பும் சேர்த்து நான் செய்த புதுக் கூட்டுக்குள் அவருடைய சொந்தப் போனின் உள்ளுறுப்புகளை மாற்றித் தரும்படி கடையில் கொடுத்தேன். “கடல் தண்ணியில போட்டுப் பாத்தீங்களா?” என்றார் ரிழ்வான் நானா. ஆய்வுகூடத்தில் ஒரு மணித்தியாலம் தண்ணீரில் இருந்து தேறிய கூடு இது என்றேன். அந்தத் தண்ணீர் பைப் தண்ணீர் என்பதைச் சொல்லவில்லை. அவர் மாற்றித் தந்தார், முகம் மட்டும் சரியாக இல்லை.

அதோடு விட்டேனா? கண்காட்சிப் பலகையில் வைப்பதற்காகப் போத்தலையும் பையையும் டியூப் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பஸுக்குப் பஸ் ஏறினேன். சூசை அண்ணன் ஒருகணம் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு கையை விட்டார்.

“படிச்ச நீங்க சொன்னாச் சரியாத்தானே தங்கச்சி இருக்கும்.”

பத்து மணி அழைப்பு

கண்காட்சி மண்டபத்தில் பலகையை நிறுத்திக்கொண்டிருந்தேன். இடது பக்கம் ‘பிரச்சினை’ என்று பெரிய எழுத்து, அதன் கீழே சூசை அண்ணனின் போத்தல். வலது பக்கம் ‘தீர்வு’, அதன் கீழே என் கூட்டின் படம். ‘தீர்வு’ கொஞ்சம் சரிந்து நிற்கிறதே என்று எட்டிப் பார்த்துச் சரிசெய்யும்போது என் போன் அடித்தது. ரீற்றா அக்கா, ரிழ்வான் நானாவின் போனிலிருந்து. எட்டு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடும் மனிதர் வரவில்லை, எத்தனை தடவை அடித்தாலும் இணைப்பு இல்லை. நான் சிக்னல் என்றேன், சார்ஜ் என்றேன். 

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சலும், யாரோ வள்ளம் தள்ளும் சத்தமும். அவ கோபிக்கவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற குரலில் கேட்டா:

“நீங்க செஞ்ச போன்தானே தங்கச்சி, ஏன் எடுக்குதில்லையெண்டு உங்களுக்குத் தெரியுமா?”

கரையில்

நடுக்கடலில் சூசை அண்ணனின் எஞ்சின் நின்றிருக்கிறது. முன்பும் நின்றதுண்டு. அப்போதெல்லாம் பையோடு போனைக் காதில் வைத்து ஓர் அழைப்பு, பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு வள்ளம் வந்துவிடும். இம்முறை அவர் கையை விட்டுப் பார்த்தபோது, வள்ளத்தின் அடியில் நின்ற உப்புத் தண்ணீரில் என் கூடு கஞ்சி மாதிரிக் குழைந்து கிடந்தது, போன் செத்திருந்தது. இடுப்புச் சாரத்தைக் கழற்றித் துடுப்பில் கட்டி, ஆட்டிக்கொண்டு, நீரோட்டம் கொண்டுபோகிற பக்கமெல்லாம் போயிருக்கிறார். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் பள்ளிவாசல்துறை வள்ளம் ஒன்று கண்டு இழுத்து வந்தது. அன்று கடல் அமைதி. இல்லாவிட்டால் இதை நான் துணுக்காக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் பலகையிலிருந்து போத்தலைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். வழி முழுக்க மன்னிப்புக் கேட்கும் வசனத்தைப் பாடமாக்கினேன். உதடு வெடித்து, முதுகுத் தோல் உரிந்து, சூசை அண்ணன் கட்டிலில் சரிந்திருந்தார். ரீற்றா அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு தேத்தண்ணி வைத்தா. போத்தலைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வசனத்தைத் தொடங்கினேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறதே என்று அவர்தான் என்னைத் தேற்றினார், கிண்டல் ஒரு துளியும் இல்லாமல்:

“நீங்க சொன்ன மாதிரியே அது முழுக்கக் கரைஞ்சுது தங்கச்சி, மீனுக்கு ஒரு கெடுதியும் இல்ல.”

பரிசோதிக்கப்பட்டது

அந்தக் கிழமையே நடுவர் குழு. நாலாவது ஸ்லைடில் ‘மீனவர் ஒருவரால் கடலில் பரிசோதிக்கப்பட்டது’ என்ற வரி இருந்தது. அழிக்கக் கையை வைத்தேன், அழிக்கவில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே என்று எனக்கு நானே வாதாடி வென்றேன். என் வாழ்க்கையில் நான் வென்றதிலேயே கேடுகெட்ட வாதம் அது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, முடிவு என்ன என்று கேட்டார். “பொருள் எதிர்பார்த்தபடியே சிதைவடைந்தது சேர்” என்றேன். கைதட்டினார்கள். நான் குனிந்து வணங்கவும் செய்தேன்.

அடுத்த நாள் காலையில் என் மேற்பார்வையாளர் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பைப் தண்ணீரை, போத்தலை, துடுப்பில் கட்டிய சாரத்தை. புள்ளியைக் குறைப்பார், குறைக்கட்டும், கூப்பிட்டு ஏசுவார், ஏசட்டும் என்றுதான் போனேன். அவர் முழுவதையும் கேட்டு, உண்மையாகவே வருந்தி, அறிக்கையைத் திறந்து ஒரு பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டார்.

“நல்ல விஷயம், இதை ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ என்ற தலைப்பின் கீழ் அரைப் பக்கத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.”

பெறுபேறு

வேறு எந்தக் கடைக்காரனும் தேறாது என்று சொல்லும் போனை ரிழ்வான் நானா உயிர்ப்பித்தார். உள்ளே இருந்த சர்க்கிட் பலகையைக் கழுவி உலர்த்தி, செத்த போன்கள் இரண்டிலிருந்து உறுப்பெடுத்து, பழைய பிளாஸ்டிக் உடம்புக்குள் வைத்து, நாலு ஸ்க்ரூ இறுக்கினார். பசுமை பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது வேலை செய்தது, அவ்வளவுதான். நான் மேசை மூலையைத் துடைத்துச் சாமான்களைக் கட்டும்போது, சோதினைப் பெறுபேறு வந்ததா என்று கேட்டார். ‘ஏ’ தரத்தில் சித்தி என்று, ஏதோ களவைக் காட்டிக்கொடுப்பது போல மெல்லச் சொன்னேன். அவர் கடைசி ஸ்க்ரூவை ஒருமுறை ஊதினார்.

“அப்ப சூசைக்கும் போய்ச் சொல்லுங்க தங்கச்சி, சோதின எழுதினது அவருந்தானே.”

உலகத்தைக் காப்பாற்றப் போய், ஒரு மனிதனை அஸர் வரைக்கும் கடலில் மிதக்கவிட்டு, அதற்கு ‘ஏ’ சித்தியும் வாங்கியவள் எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் ஒருத்திதான் என்று நம்ப எனக்கு மிகவும் ஆசையாக இருக்கிறது.