பிடுங்கிய ஒரு ஜோடிக் கால்

எழுபதுகளில் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். கம்பம் திராட்சைத் தோட்டத்தில் நான் தோண்டியெடுத்த மண்பூரானைச் சீசாவில் போட்டு வகுப்பில் காட்டிய பேராசிரியர், என் பெயரைச் சொல்லவேயில்லை. வயிறு எரிந்தது. கால் ஜோடிகளை எண்ணித்தான் இனம் பிரிப்பார்கள். தப்பாக எண்ணி அவமானப்படட்டும் என்று, ஆளில்லாத நேரம் ஒரு ஜோடியைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் லென்ஸில் எண்ணியவர் நிமிர்ந்தார். “ஏலே, மண்பூரானுக்கு எப்பவும் ஒத்தப்படை ஜோடிதான். இதுல நாப்பத்தெட்டு இருக்கு. எவன்லே பிடுங்குனது?”

என் முகமே காட்டிக்கொடுத்தது. சீசாவைத் திருப்பி, மியூசியத்துக்கு அனுப்ப ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் என் பெயர். அதை என் கண்முன்னே கிழித்தார்.

அவர் மேலிருந்த ஆத்திரம் அன்று என் மேல் திரும்பியது; இன்னும் தணியவில்லை. பூரானைக் கண்டால் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். நான் கால்களை எண்ணுவேன்.