ரோமிங்கை அணைத்துவிட்டு மலேசியா போனவர்கள்

மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது சரண்யாதேவியின் செல்போன் கடை. ரீசார்ஜ், கவர், சார்ஜர் வயர், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் கிடைக்கும். வாடிக்கையாளர் தெருவில் நின்றுதான் பேச வேண்டும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வலையங்குளம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன சரண்யாதேவி, ஆட்டோ ஓட்டும் சிவக்குமாரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடையை நடத்துகிறாள். தெருவில் யார் போன் மக்கர் பண்ணினாலும் முதலில் அவளிடம்தான் வரும்.

அப்படித்தான் ஒருநாள் ஹாலாஸ்யம் வந்தார். பக்கத்துத் தெருக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க அமெரிக்கா போய்த் திரும்பிய மூன்றாம் நாள் அவருக்கு போன் பில் வந்திருந்தது. யாரோடும் அதிகம் பேசவில்லை என்றார். போன் பையில் கிடந்தபடியே ரோமிங்கில், அதாவது வெளிநாட்டு டவரில், தானாக நெட்டை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு மாதப் பென்ஷனில் பாதியை அந்த பில் விழுங்கிவிட்டது.

"உன்னக் கேட்டுட்டுப் போயிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கேட்டிருந்தாலும் தனக்குத் தெரிந்திருக்காதே என்பதுதான் சரண்யாதேவிக்கு உறுத்தியது. அன்றிலிருந்து, துபாயிலிருந்து லீவில் வரும் டிரைவர்களையும், சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களையும் கடையில் நிறுத்தி வைத்து விசாரித்தாள். அங்கே இறங்கியதும் என்ன செய்வீர்கள், சிம் எங்கே வாங்குவீர்கள், வீட்டுக்கு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு பழைய டைரியில் எழுதினாள். சிம் கம்பெனிக்காரர்களின் உதவி எண்ணுக்கு போன் போட்டு, புரிகிற வரைக்கும் விடாமல் கேட்டாள். பாஸ்போர்ட்டே இல்லாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிவக்குமார் சிரித்தான்.

அடுத்த வருஷம் பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்தது. அவள் இருந்த மகளிர் குழுவில் அவளையும் சேர்த்துப் பதினோரு பேர், வருஷக்கணக்காகச் சேர்த்ததை வைத்து மலேசியா போய் பத்துமலை முருகனைப் பார்த்து வருவது என்று முடிவு செய்தார்கள். அழைத்துப்போக விருமாண்டி என்ற டூர்காரர் அமைந்தார். ஆளுக்கொரு ரோமிங் பேக் கட்டாயம் போட வேண்டும் என்று அவர் சொன்னபோது எல்லாரும் சரண்யாதேவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேவையில்லண்ணே. போன் விஷயத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள் அவள்.

விருமாண்டிக்கு அது பிடிக்கவில்லை. நாளைக்கு ஏதாவது என்றால் என்னிடம் வரக்கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வரமாட்டோம் என்று சரண்யாதேவியும் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடை வாசலில் பாடம் நடந்தது. ஒவ்வொரு போனிலும் ரோமிங்கில் நெட் ஓடுவதை அணைத்தாள். அங்கே இருக்கும்போது ஊரிலிருந்து சாதாரண அழைப்பு வந்தால் எடுக்கவே கூடாது, எடுத்தாலும் காசு போகும் என்றாள். வீட்டில் இருப்பவர்களிடம் வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடச் சொல்லி வைத்தாள். கோலாலம்பூர் வரைபடத்தை நெட் இல்லாமலே திறக்கிற மாதிரி எல்லார் போனிலும் இறக்கிக் கொடுத்தாள்.

குழுவிலேயே மூத்தவர் முனியாயி. அறுபத்தொரு வயது, வயல் வேலைக்காரி, எழுத்துக் கூட்டத் தெரியாது. விசிறி விரித்த மாதிரி இருக்கும் வைஃபை படத்தையும், இருக்கிற இடத்தை அனுப்பும் சிவப்புக் குறியையும் சரண்யாதேவி அவருக்கு விரலைப் பிடித்துப் பழக்கினாள். தினமும் அவரைத் தெருமுனைக்கு அனுப்பி, அங்கிருந்து தன் இடத்தை அனுப்பச் சொல்வாள். நாலு நாள் தவறாக வந்தது. ஐந்தாம் நாள் சரியாக வந்தது.

திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் இறங்கியதும், விமான நிலையக் கடைகளின் விலையைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் வாங்கவில்லை. ஊருக்குள் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி, சுற்றுலாக்காரர்களுக்கான சிம் இரண்டு மட்டும் வாங்கினாள். ஒன்று அவள் போனில், இன்னொன்று குழுத் தலைவி இசைவாணி போனில். பஸ்ஸில் அந்த இரண்டு போனின் நெட்டையும் பதினோரு பேரும் பகிர்ந்துகொண்டார்கள். புது சிம்மைப் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று போன் கேட்டபோது வேண்டாம் என்று அழுத்தினாள். செலவைப் பங்கு போட்டதில் ஆளுக்கு இரண்டு மூன்று தேங்காய் வாங்குகிற காசுதான் ஆனது. பத்துமலைப் படியில் நின்று எல்லாரும் வீட்டுக்கு முகம் பார்த்துப் பேசினார்கள். சரண்யாதேவியின் அம்மா ஊர் வரப்பில் நின்றபடியே போனில் முருகன் சிலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

மூன்றாம் நாள், இந்தியக் கடைகள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் முனியாயியைக் காணவில்லை. பாத்திரக் கடையில் நின்றவர், கூட்டம் நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. விருமாண்டி முன்னும் பின்னும் ஓடினார். முனியாயியின் எண்ணை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்; மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்காதே என்று சொல்லிக் கொடுத்தவளே சரண்யாதேவிதானே.

இசைவாணியை அங்கேயே நிறுத்திவிட்டு, அவள் கடை கடையாகத் தேடிக்கொண்டு போனாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். போன் சிணுங்கியது. வரைபடத்தில் ஒரு சிவப்புக் குறி, அதன் கீழே ஒரு குரல் பதிவு.

"ஏத்தா சரண்யா, நான் ஒரு இட்லிக் கடையில உக்காந்திருக்கேன். நம்ம பாஷ பேசுற பிள்ளகதான். அந்த விசிறிப் படத்தக் காட்டி அவுக நெட்ட வாங்கிப் போட்டுட்டேன். நான் எங்கயும் நகரல, நீ மெதுவா வா."

இரண்டு தெரு தள்ளி இருந்தது கடை. சரண்யாதேவி உள்ளே நுழைந்தபோது முனியாயி காபி குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குத்தான் கண் கலங்கியது.

"பயந்துட்டீகளா பெரியம்மா?"

"மொதல்ல பயந்தேன். அப்புறம் நீ தெருமுனைக்கு அனுப்புவியே, அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார் முனியாயி. "போன் மூணு தடவ அடிச்சுச்சு, டூர்கார தம்பி படம் வந்துச்சு. நான் எடுக்கல. நீ எடுக்கக் கூடாதுன்னியே."

அந்த நேரத்திலும் சரண்யாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபத்துக்கு எடுக்கலாம் என்று சொல்லாமல் விட்டது தன் தப்பு என்று அங்கேயே ஒப்புக்கொண்டாள். அன்று மாலையே மற்ற பத்துப் பேரையும் உட்கார வைத்து அதையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு மீதி இரண்டு நாளும், பஸ்ஸில் ஏறியதும் எல்லாருக்கும் நெட் வருகிறதா என்று முதலில் கேட்டது விருமாண்டிதான். மதுரை திரும்பியபோது பதினோரு போனில் ஒன்றில்கூட ஒரு ரூபாய் பிடித்தம் இல்லை. முனியாயி தன் தெருவில் நாலு பேரைக் கூட்டி வைத்து, இடத்தை அனுப்புவது எப்படி என்று காட்டிக்கொண்டிருப்பதாகச் சேதி வந்தது.

ஒரு மாதம் கழித்து விருமாண்டி கடைக்கே வந்தார். அடுத்து நாற்பது பேர் வியட்நாம் போகிறார்கள், போகும் முன் அவர்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுக்க முடியுமா, கூடவே வரவும் முடியுமா என்று கேட்டார். செலவும் சம்பளமும் அவர் பொறுப்பு.

சரண்யாதேவி டெம்பர்டு கிளாஸ் ஒன்றைத் துடைத்து ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாரேண்ணே. ஒருநாள் பத்தாது, ஒரு வாரம் வேணும். எழுதப் படிக்கத் தெரியாதவுகள மொதல்ல அனுப்புங்க."

சொல்லிவிட்டு, வியட்நாமில் சிம் எப்படி வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுத, டைரியில் புதுப் பக்கத்தைப் புரட்டினாள்.