ஞானப்பூ மைனியின் பொருத்தனை

எங்கள் ஊர்ச் சபையில் ஞானப்பூ மைனி ஜெபிக்க எழுந்தால் ஆற்றுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவனுக்கும் கேட்கும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணியை ஒட்டிய சின்ன ஊர் இது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்துச் சோறு போட்ட தொண்டை அவளுக்கு. அவள் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் அவள் ஒரே மகன் ஜெபசிங்கும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். நான் அடுத்த வீட்டில்.

மைனி வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. முற்றம் பெருக்கும்போதும், குளிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஸ்தோத்திரம்தான். யார் வீட்டில் நோய் என்றாலும் இவளைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். சில நேரம் எனக்கே எரிச்சலாக வரும். ஆண்டவருக்கு என்ன காது மந்தமா என்று கேட்டுமிருக்கிறேன். ஆனாலும் அதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன். அது பயம் என்று போன மார்கழியில்தான் தெரிந்தது.

அந்த வருஷம் எங்கள் சபைக்குப் புது ஐயர், அதாவது பாதிரியார், வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன நாட்களின் கடைசி வாரம் தினமும் விடியலில் கோயிலுக்கு வாருங்கள் என்று அறிவித்தார். பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது, சத்தமாக ஜெபிப்பதும் கிடையாது. அரைமணி நேரம் பேசாமல் ஆண்டவர் முன் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இத்தனை காலம் நாமே பேசிவிட்டோம், கொஞ்சம் அவர் பேசட்டும் என்றார். எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. பாட்டும் இல்லாமல் பஜனையும் இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று முணுமுணுத்தார்கள். பக்கத்தில் இருந்த மைனி முகம் வெளிறிப்போனதை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் நல்ல குளிர். வயலெல்லாம் பனி இறங்கி, வாய்க்கால் எங்கே வரப்பு எங்கே என்று தெரியவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தோம். தூரத்தில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கேட்டது. முதலில் என் மனசு இட்லி மாவைத்தான் சுற்றிச்சுற்றி வந்தது. இருமலும் செருமலும் அடங்கிய பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல அமர்ந்தது. அப்போது என் பாய் நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். மைனி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவள் அரைமணி நேரம் உட்கார மாட்டாளா என்று கேட்கத்தான் போனேன். வீட்டுப் பின்னால் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"வாயை மூடினா அவரு கேட்டுருவாரு ரீபா," என்றாள். "'எங்க அவன்?'னு கேட்டுருவாரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபசிங்குக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது எனக்கும் தெரியும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்போது வராந்தாவில் தனியாக முழங்காலிட்டு, பிள்ளையைப் பிழைக்க வைத்தால் உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று மைனி பொருத்தனை செய்திருக்கிறாள். பிள்ளை கண் விழித்தான். இவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை, அண்ணனிடம்கூட. பையன் வளர்ந்து ஐடிஐ படித்து, மின்வாரியத்தில் லைன்மேன் வேலைக்குப் போனபோது அண்ணன் தெருவெல்லாம் அல்வா கொடுத்தான். அந்தச் சந்தோஷத்தில் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வருஷமே அண்ணன் போய்விட்டான். அது தனக்கு வந்த எச்சரிப்பு என்று மைனி முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் ஆண்டவரைப் பேசவிட்டதே இல்லை.

"தெனமும் கம்பத்துல ஏறுதான். குடுக்காததை அங்கன வச்சே எடுத்துக்கிட்டாருன்னா நான் என்ன செய்வேன்?"

ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நிச்சயமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். இந்த விஷயம் அவன் காதுக்குப் போகக் கூடாது. கம்பத்தில் ஏறுகிறவன் மனதில் பயம் புகுந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் ஆள் போய்விடும் என்றேன். மைனி தலையாட்டினாள்.

மறுநாள் அவளே என்னை எழுப்பினாள். ஓடிவந்ததையும் அவர் பார்த்திருப்பார் அல்லவா, அந்தப் பயம். தினமும் வந்து உட்கார்ந்தாள். அந்தக் குளிரிலும் அவள் கழுத்தெல்லாம் வேர்த்திருக்கும். திரும்பும் வழியில் ஏதாவது கேட்டாரா என்று நான் கேட்பேன், இல்லை என்பாள். பேசாமல் இருக்கிறாரே, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது என்பாள். ஒருநாள் காலை வாய்க்கால் கரையில் நின்றுவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையைப் பேரம் பேசியிருக்கிறேன், அவனிடம் சொல்லாமல் இனி அவர் முன்னால் உட்கார முடியாது என்றாள். நான் கத்தினேன். உன் மனசு ஆறுவதற்கு அவன் உயிரைப் பணயம் வைக்கிறாயா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

அதற்கு முந்தின ராத்திரிதான் காற்றும் மழையும் அடித்து வயக்காட்டில் கம்பிகள் அறுந்து கிடந்தன. ஜெபசிங் விடியும் முன்னே கிளம்பிப் போயிருந்தான். அன்று காலை முழுக்க மைனி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். எங்காவது போன் அடித்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். பையன் மத்தியானம் தாண்டி, சேறும் சகதியுமாக வந்து சாப்பிட உட்கார்ந்தான். நான் மைனியைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அண்ணன் சாவு வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு சின்னக் குரல் அவளுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்குகிறதா, நடுங்குகிறதா என்று பார்த்தேன்.

"இதையா இத்தனை வருசம் தனியா வச்சுக்கிட்டு இருந்த?" என்று கேட்டான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மேல ஏறி, லைன் ஆஃப்பா இருக்கான்னு பாத்த பொறவும் ஒடனே கை வைக்க மாட்டேன்மா. கொஞ்ச நேரம் பேசாம நிப்பேன். ஜெபம்னு ஒரு வார்த்தை வாயில வராது. பக்கத்துல அவரு நிக்காப்புல இருக்கும். அதுக்கப்புறந்தான் தொடுவேன். வேலைக்குப் போன நாள்லேருந்து இப்படித்தான்."

மைனி கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு உங்கிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் கேக்கலம்மா. கூட நிக்காரு, அவ்வளவுதான்."

மைனி அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் போன் வந்தது. மேலத்தெருவில் இன்னும் கரண்ட் வரவில்லையாம். கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தான். மைனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், விரல்கள் வெளுத்திருந்தன. "பைய ஏறு" என்று மட்டும் சொன்னாள்.