எட்டாவது பெயர்

மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்தபடியே பூவிழி கம்ப்யூட்டர் வேலையில் சம்பாதித்தாள். ஊருக்கு இது பிடிபடவில்லை. "வீட்லயே குந்திக்கினு இருக்குது, இதுக்கு எவன் சம்பளம் குடுக்குறான்?" என்று கேட்காத வாய் இல்லை. அவள் அம்மா அமுதவல்லி மட்டும், "எம் பொண்ணு பொட்டியத் தட்டுனா உலகத்துக்கே கேக்குது" என்று உப்பளம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள். காலையில் உப்புப் பாத்தியில் இறங்கினால் பொழுது சாயும்வரை பாதத்தை அரிக்கும் தண்ணீரில் நிற்கிறவள். பீற்றிக்கொள்ள அவளுக்கும் ஒன்று வேண்டாமா?

சம்பள வேலை போக, பூவிழி ஆசைப்பட்டுச் செய்தது ஒரு புதிய கம்ப்யூட்டர் மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு, அதாவது அந்த மொழியோடு எல்லாருக்கும் சேர்ந்தே வரும் பொதுத் தொகுப்புக்கு. யார் வேண்டுமானாலும் அதற்கு எழுதித் தரலாம், சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். புது மொழிக்கும் பழைய மொழி ஒன்றுக்கும் இடையே அரேக்களை, அதாவது வரிசைப் பட்டியல்களை, கொண்டுபோய்ச் சேர்க்கும் பாலம் அவள் எழுதியது. இரண்டு மொழிக்கும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. புது மொழியில் ஒரு பட்டியலைக் கொடுத்தால் வாங்குகிறவருக்குத் தனி ஜெராக்ஸ் கிடைத்த மாதிரி. அவர் கிழித்தாலும் அடித்தாலும் மற்றவருடையது அப்படியே இருக்கும். பழைய மொழியில் ஜெராக்ஸே கிடையாது. இருப்பது ஒரே தாள், அதன்மேல் எல்லார் கையும்.

பாலத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு முறையும் ஜெராக்ஸ் எடுத்தால் நேரம் பிடிக்கிறது. "படிக்கத்தானே போறாங்க, ஒரே தாளை நீட்டிடலாம்" என்று பூவிழி மாற்றி எழுதினாள். வேகம் பத்து மடங்கு கூடியது. லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் கோயம்புத்தூர் சிவப்பிரகாசம், அவளை ஒருநாளும் நேரில் பார்த்திராத மனிதர், வாயாரப் பாராட்டினார். படிக்கத்தானே போகிறார்களாம்! அந்த நினைப்புதான் குடியைக் கெடுத்தது.

உப்பளத்தில் கோடை மழை பொல்லாதது. மரம் மட்டை இல்லாத வெட்டவெளி. மின்னலுக்கு அங்கே மனுஷத் தலைதான் உயரம். அதனால் வானிலை எச்சரிக்கை வந்த உடனே நாற்பது பேர் போனுக்கு "மழை வருது, கரை ஏறுங்க" என்று மெசேஜ் போக பூவிழி ஓர் ஏற்பாடு செய்தாள். பட்டியலைப் புது மொழியில் வைத்திருந்தாள். அனுப்பும் பகுதி பழைய மொழி. நடுவில் அவளுடைய பாலம். பெயர்களை உப்பளத்து வழக்கப்படியே எழுதினாள். அங்கே மேஸ்திரி ஜோடியாகத்தான் பெயர் கூப்பிடுவார். புருஷன் பெயர், அடுத்து அதே பாத்தியில் இறங்கும் பெண்டாட்டி பெயர். ஏழாவது அப்பா பச்சமுத்து. எட்டாவது அமுதவல்லி.

பச்சமுத்து போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். "அப்பா பேரை எடுத்துடட்டுமாம்மா?"

"இருக்கட்டும்டி. எம் பேருக்கு முன்னாடி அவரு பேரு இருந்தா, கூடவே நிக்கிறாப்ல இருக்குது."

அவர் நம்பருக்கு அம்மா ரீசார்ஜும் செய்துகொண்டிருந்தாள். தை மாதம் பூவிழிதான் சொன்னாள், பேசாத நம்பருக்கு எதற்கு என்று. அம்மா நிறுத்திவிட்டாள். சித்திரை முடிவதற்குள் அந்த நம்பர் செத்துப்போயிற்று.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்கு எச்சரிக்கை வந்தது. மெசேஜ் போனது. அடுத்த பாத்தி லூர்துமேரி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டுக் கரையேறினாள். வரப்பில் நின்று, "அமுதா, வா, மழையாம்" என்று கூப்பிட்டாள். அமுதவல்லி இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலியே. மழைன்னா எம் பொண்ணு எனக்குச் சொல்லாம இருப்பாளா? நீ போ, வாரி வச்சத மூடிட்டு வர்றேன்."

இருபது நிமிஷத்தில் இடி இறங்கியது. அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

விதி என்றது ஊர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பூவிழி கம்ப்யூட்டரைத் திறந்தாள். மத்தியானத்துக்குள் பிடிபட்டுவிட்டது. அனுப்பும்போது செத்த நம்பர் தட்டுப்பட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி அவளே எழுதியிருந்தாள். புது மொழிப் பழக்கம் அது. அங்கே அப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது, எண்ணிக்கொண்டு போவது தனி ஜெராக்ஸில். இங்கேயோ ஒரே தாள். ஏழாவது பெயரை எடுத்ததும் எட்டாவது பெயர் ஏழாம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஏழாம் இடத்தை முடித்த கம்ப்யூட்டர் எட்டாம் இடத்துக்குப் போனது. அங்கே அடுத்த வீட்டுக்காரர் பெயர் இருந்தது. பாவி மகள், அம்மாவைத் தன் கையாலேயே தாண்ட வைத்திருந்தாள். அதுவும் அந்த ஒரே ஒரு தடவைதான் தாண்டும். அப்பா பெயர்தான் போய்விட்டதே, மறுநாள் மழை வந்திருந்தால் மெசேஜ் ஒழுங்காகப் போயிருக்கும்.

பாலத்தில் ஜெராக்ஸைத் திரும்பச் சேர்க்க மூன்று வரி போதுமாக இருந்தது. "நல்லவேளை, பெரிய சேதம் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சீங்க" என்று எழுதினார் சிவப்பிரகாசம்.

லூர்துமேரி அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு உப்பளத்துப் பக்கமே போகவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாமே என்று மாதா கோயிலில் அழுகிறாள், கஞ்சி இறங்கவில்லை என்று கேள்விப்பட்டாள் பூவிழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊருக்கு ஒன்றும் தெரியாது. மனசு கேட்கவில்லை. சாயங்காலமே லூர்துமேரி வீட்டுக்குப் போனாள்.

"அத்த, உங்க மேல தப்பில்ல. மெசேஜ் அம்மாவுக்குப் போகல. நான் எழுதுனதுல தப்பு."

பாலம், பட்டியல், ஏழு, எட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ரீசார்ஜையும் சொன்னாள். லூர்துமேரிக்குப் பாதி புரியவில்லை. பூவிழியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, உன் மெசேஜு வந்திருந்தா அவ கரையேறி இருப்பா?"

"ஏறியிருப்பாங்க அத்த."

லூர்துமேரி அதுவரை பிடித்திருந்த பூவிழியின் கையை விட்டாள்.