மகள் வீட்டு முகப்பில் ஓர் அவுட்டோர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திருச்சியில் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் தரை கூட்டி, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். இன்றைக்குப் பெரம்பலூரில் சொந்தக் கடை, அரியலூரில் ஒரு கிளை. அரும்பாவூரிலிருந்து தா.பழூர் வரைக்கும் ஓடுகிற ஏசிகளில் பாதி என் கை பட்டவை. இன்ஜினியருக்குப் படித்தவர்களே போன் போட்டு, கம்பிரசர் ஏன் கட் ஆகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லலாம்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வயல் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை இன்ஜின் வைத்து வாய்க்காலுக்கு இறைப்பது மாதிரி. தண்ணீருக்குப் பதில் சூடு, குழாய்க்குள் ஓடுகிற கேஸ்தான் அதைச் சுமக்கிறது. உள்ளே இருக்கிற இன்டோரில் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே இருக்கிற அவுட்டோரில் கம்பிரசர் அதை அழுத்தி, ஃபேன் ஊதி, சூட்டை விரட்டிவிடும். ஊட்டிப் பக்கம் இதையே திருப்பிப் போட்டு, வெளியே இருக்கிற கொஞ்சநஞ்ச சூட்டை வீட்டுக்குள் இறைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை. நமக்கு இறைத்துத் தள்ள வேண்டிய சூடுதான் ஊர்ப்பட்டது. அதனால் அவுட்டோருக்கு மூச்சு விட இடம் வேண்டும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் இறைத்த தண்ணீர் பள்ளத்துக்கே திரும்பும்.

இதை ஆயிரம் பேருக்குச் சொன்னவன், என் மகள் விஷயத்தில் கோட்டை விட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தொழிலில் தப்பு வரும். அதற்குப் பிறகு என் வீட்டு ஆட்கள் எனக்குச் செய்ததுதான் இன்னும் ஆறவில்லை.

மகளைத் தா.பழூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்தேன். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை. சீரில் கட்டில், பீரோ, பாத்திரத்தோடு ஒன்றரை டன் ஏசி ஒன்றும் வைத்தேன். அந்தத் தெருவில் அதுதான் முதல் ஏசி. சீர் என்றால் ஊர் பார்க்க வேண்டும். பீரோ வண்டியிலிருந்து இறங்குவதை நாலு பேர் பார்ப்பார்கள். ஏசியோ படுக்கையறைக்குள் போய்த் தொங்கிக்கொள்ளும், யார் பார்ப்பது? ஆகவே அவுட்டோரை வீட்டு முகப்பில், போர்டிகோ உத்தரத்துக்குக் கீழே மாட்டினேன். வெறுமனே மாட்டினால் அழகாக இல்லை என்று பட்டறையில் சொல்லி ஒரு பெட்டி செய்வித்தேன். மேலேயும் இரண்டு பக்கமும் தகரம், முன்னால் பூ வேலை செய்த கிரில், தங்க நிறப் பெயிண்ட். பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

மாட்டிய அன்று என் கூட்டாளி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். திருச்சிக் கடையிலிருந்தே என்னோடு இருப்பவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே இலையில் சாப்பிடாத குறைதான். என் மகள் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் கோடையிலேயே மகள் போன் செய்தாள். "அப்பா, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல குளுரவே மாட்டேங்குது. அப்பப்ப நின்னு நின்னு போவுது. அவங்க நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து படுக்குறாங்க, தூங்கவே முடியல."

போய்ப் பார்த்தேன். வெயிலுக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று காலையிலேயே போனேன். அறை ஜில்லென்று இருந்தது. கேஸ் சரி, ஃபில்டர் சரி. "ஏசில ஒண்ணும் இல்லம்மா, உங்க வூடுதான் மேக்கால பாத்த வூடு. தளம் காயுது" என்றேன். மறுபடி போன் வந்தது. மறுபடி காலையில் போனேன். மூன்றாம் முறை மாப்பிள்ளை கண் சிவந்து நின்றார். தூக்கக் கலக்கத்தில் வேலையிடத்தில் கால் தடுக்கி விழப் பார்த்து, மேலதிகாரி விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும். மாமியார் மகளைப் பார்த்து, "உங்கப்பா குடுத்த ஏசி விசிறிக்கட்டைக்குக்கூட ஆவலியே" என்று சொல்லிக்காட்டுவது என் காதுபடவே நடந்தது.

என் பெயர், என் பெண்ணின் மரியாதை, மாப்பிள்ளையின் வேலை, எல்லாம் அந்த ஓர் அறையில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் தளத்தைக் குற்றம் சொன்னேன். மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதிக்கச் சொன்னேன். சம்பந்தி தலையை ஆட்டிவிட்டு, அறுவடை முடிந்ததும் பதித்தார்.

அதோடு பிரச்சினை தீர்ந்தது. மத்தியானம் மூன்று மணிக்கும் அறை குளிர்ந்தது. மகள் போனில், "நீங்க சொன்னது சரிதாம்பா, ஓடு போட்டதும் நல்லாருக்கு" என்றாள். சம்பந்தியும் பார்க்கிற இடத்திலெல்லாம், "சம்மந்தி சொன்னா சொன்னதுதான்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். எத்தனை பேரை மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதிக்க வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து காப்பர் குழாய் வளைத்துக்கொண்டே கேட்டிருக்கிறான். ஒரு நாளும் முகம் மாறவில்லை.

பேத்திக்கு மகள் வீட்டிலேயே காது குத்தினோம். மத்தியானப் பந்தி முடிந்து என் தங்கை வீட்டுக்காரர் போர்டிகோவுக்கு வந்து, தன் வீட்டிலும் ஒன்று மாட்டலாம் என்றார். நான் அவருக்கு இறைக்கிற கதையெல்லாம் சொல்லி, "கிரில்லுல கைய வச்சுப் பாருங்க மாப்ள, ரூம்புல இருக்குற சூடு பூரா இதுலதான் வரும்" என்றேன்.

அவர் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "காத்தே வரலியே மச்சான். நீங்க மாட்டுன ஏசி மூச்ச அடக்கிக்கிட்டு வேல செய்யுதோ" என்று சிரித்தார்.

"ரூம்பு குளுந்துட்டா தானா ஓய்வெடுக்கும்" என்று சமாளித்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். படுக்கையறையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. இன்டோர் ஜில்லென்று ஊதிக்கொண்டிருந்தது. இந்தக் கூட்டத்தில் ஓய்வெடுக்க வழியே இல்லை. திரும்பி வந்து ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தேன். கம்பிரசர் இருக்க வேண்டிய இடத்தில் பின்சுவர் தெரிந்தது. மேல் மூலையில் ஒரு நசுங்கல். அந்த நசுங்கல் எனக்குத் தெரியும். ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து கழற்றி வந்து, என் கடையில் பழைய இரும்போடு நானே தூக்கிப் போட்ட அவுட்டோர் கூடு அது.

உள்ளே குளிர்ந்தால் வெளியே எங்கேயோ சூடு கொட்டித்தான் ஆக வேண்டும். அது எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு தேவையில்லை. பெண் கொடுத்த வீட்டில் கொல்லைப் பக்கமெல்லாம் நான் போகிறவன் இல்லை. முன் கூடத்தில் உட்கார்வேன், சாப்பிடுவேன், கிளம்பிவிடுவேன். அது எல்லோருக்கும் தெரியும். அதை நம்பித்தான் செய்திருக்கிறார்கள். அடுப்படி வழியாக நடந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வழி விட்டார்கள்.

வடக்குச் சுவரில், வைக்கோல் போருக்கு எதிரே, நிழலில், நல்ல இடைவெளி விட்டு, நான் வாங்கிக் கொடுத்த அவுட்டோர் ஓடிக்கொண்டிருந்தது. சூடான காற்று வேட்டியில் அடித்தது. குழாய்க்கு நெளிவில்லாமல் வளைவு கொடுத்திருந்தது. அந்த வளைவை இந்த இரண்டு ஜில்லாவிலும் இரண்டு பேர்தான் போடுவோம்.

மகள் பின்னால் வந்து நின்றாள். "அப்பா, கோச்சுக்காதீங்க."

"எப்பம்மா மாத்துனது?"

"ஓடு பதிச்ச வாரம். நீங்க அரும்பாவூர் போயிருந்தீங்க. நாந்தான் சித்தப்பாவ வரச் சொன்னேன். பொட்டிக்குள்ள வெந்துக்கிட்டே கெடந்துச்சாம்பா. மேக்கு வெயிலு வேற. அது விட்ட சூட்டையே அது திரும்பக் குடிக்குதுன்னாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

போரிலிருந்து ஒரு வைக்கோலை உருவி விரலில் சுற்றினாள். தெரியும்.

"ஏணிய யாரு புடிச்சா?"

"மாமாதான்."

சம்மந்தி சொன்னா சொன்னதுதான் என்று சொன்ன அதே சம்பந்தி.

கூட்டாளி பந்தலுக்கு வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அண்ணே, பாப்பா அழுதுச்சு. மாப்பிள்ள வேல போயிடுமேன்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். மாட்டுன அன்னிக்கே சொன்னேன், பொட்டி வேணாம், மூச்சு முட்டும்னு. ஏணி மேல நின்னுக்கிட்டு, 'எனக்கே நீ பாடம் எடுக்குறியா'ன்னீங்க. அதுக்கப்புறம் ரெண்டு தடவ வாயத் தொறந்தேன். நீங்க விடல."

சொன்னான்தான். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "அப்ப என்னோட சண்ட போட்டிருக்கணும். மாத்துனது தப்பில்ல. அங்க ஒரு வெறுங்கூட்ட எதுக்குடா வச்ச?"

"நீங்க வந்து பாத்தா மனசு ஒடிஞ்சு போயிடுவீங்களேன்னு."

"ரெண்டு வருஷமா நான் பேசுறத கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தியே. உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"சிரிக்கலண்ணே" என்றான். "மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு."

சிரித்தேன் என்று சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு மறந்திருப்பேன். பழகிப்போச்சு என்றானே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் பொண்டாட்டி, என் மகள், சம்பந்தி, மாப்பிள்ளை, இவன், எல்லோருக்கும் பழகிப்போயிருக்கிறது. நான் வாயைத் திறந்தால் குழந்தைக்குத் தலையாட்டுவது மாதிரி ஆட்டிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் வேலையை முடித்துக்கொள்வது. ஒன்றுமில்லாமல் வந்து இத்தனை பேருக்குச் சோறு போட்டவனை, அவர்கள் எல்லோரும் சேர்ந்து வாசலில் வைத்த கூடாக ஆக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "இந்தாங்க, ஒங்களுக்காவத்தான் செஞ்சாங்க. வேணும்னா அவங்கள வையிங்க, என்னை வையாதீங்க" என்று படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தனியாகப் போய் அந்தப் பெட்டியைக் கழற்றினேன். எதிர் வீட்டுக்காரர் வந்து நின்று, "ஏசி போயிடுச்சுங்களா" என்றார். "இல்லீங்க, இடம் சரியில்ல, நாந்தான் தப்பா வச்சுட்டேன்" என்றேன். அந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் அதற்கு முன் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவருக்கு அதில் ஒன்றும் பெரிதாகப் படவில்லை. சரிங்க என்று மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

கூட்டாளியை நான் போகச் சொல்லவில்லை. அரியலூர்க் கடை அவன் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அவன் எதிரில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஒரு வேலையைப் பற்றி, "நீங்க சொல்றதுதாண்ணே சரி" என்று அவன் சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போன மாசம் மகள் போன் செய்தாள். "அப்பா, இன்டோர்லேந்து தண்ணி ஒழுவுது. நீங்க வந்து பாருங்களேன். நீங்களே வாங்கப்பா."

மத்தியான வெயிலிலேயே போனேன். தண்ணீர் வெளியேறுகிற டிரெயின் குழாய், வெளிச் சுவரில் ஓரிடத்தில் மடங்கிக் கிடந்தது. மடங்கினால் தண்ணீர் பின்வாங்கி அறைக்குள் சொட்டும், சின்ன வேலை. மாடு உரசினாலும் அது மடங்கும். கையால் மடக்கினாலும் மடங்கும். நான் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தேன். பழைய மடிப்பா, காலையில் விழுந்த மடிப்பா என்று தெரியவில்லை. நிமிர்த்தி, புதுத் துண்டு போட்டு, கிளிப் அடித்தேன்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா, இது மடங்கிக் கெடந்தது?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றாள். "நீங்க வந்ததாலதான் தெரிஞ்சுது."

காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் அவள் பொய் சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும். அன்றைக்குத் தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.