கடுகு டப்பாவில் ஒரு சாவி

கடுகை அள்ளப் போன விரலில் வண்டிச் சாவி தட்டுப்பட்டது. வீட்டையே தலைகீழாகப் புரட்டித் தேடிக்கொண்டிருந்த சாவி. அரியலூரில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்த காலம் அது. இது என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த மருமகள், செய்த வேலை என்று உடனே புரிந்துவிட்டது. சத்தம் காட்டாமல் கடுகை மேலே தள்ளி மூடினேன். அதற்குள் அக்கா பையை எடுத்துக்கொண்டு, “நீங்க தேடிக்கிட்டே இருங்க, நான் புளி வாங்கிட்டு வந்துடறேன்” என்று தெருவில் இறங்கியிருந்தாள்.

கடை தெருக்கோடியில்தான். அந்த நடைதான் அக்காவுக்கு வெளியே போகக் கிடைத்த ஒரே நேரம். வேண்டுமென்றே எதையாவது மறந்துவிட்டு வருவாள், இன்னொரு தரம் போகலாமே என்று. மூத்தார், அதாவது அவள் கணவர், ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போனவர். நல்ல மனிதர். பெண்டாட்டி வெயிலில் அலைகிறாளே என்று வண்டி வாங்கினார். அன்றிலிருந்து கடைக்கு அவர்தான்; உப்புக்கும் வண்டி, தீப்பெட்டிக்கும் வண்டி. அக்கா அடுப்படிக்கும் கொல்லைக்குமாக அலைந்தாள். “வூட்டுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு புள்ள” என்பாள்.

டிவியில் கேட்டதை ஒருநாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “பக்கத்துக் கடைக்கு நடந்தா புகை குறையுமாம். வண்டி எதுக்குங்க?”

மூத்தார் விழுந்து விழுந்து சிரித்தார். “லாரி விடாம ஓடற ஊர்ல, நம்ம வண்டியாலதான் உலகம் கெட்டுப்போச்சாக்கும்!”

“லாரிய என்னால நிறுத்த முடியாது. இத நிறுத்தலாம்ல?”

அவர் சிரிப்பையும் நிறுத்தவில்லை. வண்டியையும் நிறுத்தவில்லை. மறுநாள்தான் சாவி காணாமல் போனது.

இப்போது நான் பெரம்பலூரில் இருக்கிறேன். போன வாரம் என் வீட்டுக்காரர் மகளின் பள்ளி விழாவில் மற்ற பெற்றோரோடு கையை நீட்டி, பக்கத்துக் கடைக்கு நடந்தே போவேன் என்று உறுதிமொழி எடுத்தார். அன்று சாயங்காலமே தயிர் வாங்க வண்டியைக் கிளப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

அதோடு அக்காவின் கவலை வேறு. முழங்கால் போய்விட்டது அவளுக்கு. சாமான்களைக் கடைக்காரர்களே வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். “தெருவப் பாத்தே நாளாச்சு” என்று நேற்று போனில் சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் இருக்கும்போதே நடந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இன்று காலை, “சாவி எங்கடி?” என்று என் வீட்டுக்காரர் கத்தக் கத்தப் பையோடு இறங்கினேன். நடந்தபடியே அக்காவைக் கூப்பிட்டேன்.

“கடைக்குப் போறேங்க்கா. நடந்துதான்.”

“ஏன், வண்டி என்னாச்சு?”

“சாவி கடுகு டப்பாவுல இருக்கு.”

“அடிப்பாவி! அப்பவே உனக்குத் தெரியுமா?” என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: “போன வச்சுராத புள்ள. யாரு யாரு வாசல்ல நிக்கறாங்க, எந்த வூட்டுல கோலம் பெருசு, எல்லாம் சொல்லிக்கிட்டே போ.”

சொல்லிக்கொண்டே போனேன். கடையைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தேன்.