இறக்காதவர்களுக்கு ஒரு விருந்து

கானா நாட்டுக் குமாசி நகரில் எங்கள் ஈமச்சடங்குச் சங்கத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர் க்வாகு டார்க்வா. பகலில் டயர் விற்பார், மாலையில் உறுப்பினர்களின் சாவைப் பதிவு செய்வார். செத்தால் சவப்பெட்டி, பந்தல், சாப்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. உயிரோடிருப்பவர்களுக்கு வருடத்தில் ஒரு விருந்து உண்டு.

"ஆள் விட்டு அழைக்கிற காலமெல்லாம் போச்சு" என்று அந்த வருடம் டார்க்வாவே போனில் அழைப்பு அனுப்பினார். அவர் கணினிக்கு இட்ட கட்டளை ஒரே வரி: 'நிலை' என்ற கட்டத்தில் உள்ளது 'இறந்தவர்' என்பதற்குச் சமமில்லை என்றால், அழை.

விருந்துக்கு வந்தவர்கள் ஒரு சிலர்தான். ஒருவர் ஊன்றுகோலோடு, ஒருவர் பத்தியத்தோடு. லண்டனிலிருந்து ஒருவர் போனில் வாழ்த்தினார். கோழியும் ஜொல்லாஃப் சோறும் ஆறிக் கிடந்தன.

தகவல் எட்டித் தலைவர் அம்போன்சா பாய்ந்து வந்தார்.

"டேய் டார்க்வா, நான் செத்துட்டேனாடா?"

"ஐயையோ, இல்லீங்க ஐயா."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிடல?"

"உங்க கட்டம் காலியா இருக்குங்க. காலியா இருந்தா கணினி செத்தவர்னும் சொல்லாது, சாகாதவர்னும் சொல்லாது. தெரியலன்னு விட்டுடும்."

"ஏன்டா காலியா விட்ட?"

"நோயாளின்னா எழுதுவேன், வெளிநாடுன்னா எழுதுவேன். நல்லா இருக்கிறவங்களைப் பத்தி எழுத என்னங்க இருக்கு?"

"எல்லாருக்கும் உயிரோட இருக்கார்னு எழுதுடா, இப்பவே!"

காலியான கட்டம் ஒன்று விடாமல் 'உயிருடன்' என்று நிரப்பினார் டார்க்வா. அடுத்த சனிக்கிழமை மறுபடி விருந்து. மண்டபம் கொள்ளவில்லை. டார்க்வா மாப்பிள்ளை போல நடமாடினார்.

அப்போது டூஃபி அம்மா ஒரு போனை நீட்டினார். அது அவர் கணவருடையது. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. எந்த ஊரில் புதைப்பது என்று இரண்டு குடும்பங்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் உடல் இன்னும் பிணவறையில் இருந்தது. சங்கத்துக்கு யாரும் சொல்லவில்லை.

"உயிரோட இருக்கிற உறுப்பினரே வருகன்னு நீதானே அனுப்பின? அவரு பங்குச் சாப்பாட்டைக் கட்டிக் குடு."

"மன்னிச்சிடுங்கம்மா, இப்பவே இறந்தவர்னு மாத்திடறேன்."

"மாத்து. சங்கத்துச் சவப்பெட்டியை எந்த ஊருக்கு அனுப்பணும்னும் நீயே முடிவு பண்ணு. ரெண்டு கூட்டத்தையும் உன் வீட்டுக்கே அனுப்பறேன்."

டார்க்வா கணினியை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"தொடைக்கறியா பார்த்து வை தம்பி" என்றார் அந்த அம்மாள் பின்னாலிருந்து. "அவருக்கு அதுதான் பிடிக்கும்."